அக்கரையில் ஜுனி

அத்தியாயம் பதினொன்று

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தளபடா ஊர்த் தெருவுக்குள் மறுபடியும் நுழைந்தது. விடிந்ததிலிருந்து அதே குரல், அதே சேதி. புயல் பாராதீப்புக்குத் தெற்கே கரையைத் தொடும். மதியத்துக்கு மேல் காற்று முற்றும். கடல் உள்ளே ஏறும். கூரை வீட்டிலோ ஓட்டு வீட்டிலோ யாரும் தங்க வேண்டாம். அவலும் வெல்லமும் எடுத்துக்கொண்டு புயல் காப்பகத்துக்குப் புறப்படுங்கள்.

சஞ்சுக்தா வாசலில்தான் நின்றிருந்தாள். அவள் காதில் அது எதுவும் விழவில்லை. காதோடு செல்போனை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நீங்கள் அழைத்த எண் தற்சமயம்..."

துண்டித்தாள். திரும்ப அழுத்தினாள்.

அது ஆற்றுக்கு அக்கரையில் முகாணிபூரில் இருக்கும் அவள் மாமியார் உல்லாசியின் எண். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அந்தப் போன் அணைந்து கிடந்தது. ஜுனி அந்த வீட்டில்தான் இருந்தாள். நான்கு வயது. சஞ்சுக்தாவுக்கு ஒரே பெண்.

தாய் ஒரு கரையிலும் குழந்தை மறு கரையிலுமாக ஆன கதை உங்களுக்குத் தெரியும். அவள் கணவன் நிரஞ்சன் ஏறிப்போன விசைப்படகு போன வருஷம் ஆவணி மழையில் கடலோடு காணாமல் போனது. படகின் பலகை கரை ஒதுங்கியது. ஆட்கள் ஒதுங்கவில்லை. ஒரு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, இந்த மகாளய அமாவாசையன்று சஞ்சுக்தா தன் கையிலிருந்த சங்கு வளையலைத் தானே கழற்றி வைத்தாள். வகிட்டுச் சிந்தூரத்தைத் துடைத்தாள்.

உல்லாசி அதைப் பார்த்துவிட்டாள்.

"கடல்கூட என் பிள்ளையைச் சாகடிக்கலடி. நீ சாகடிச்சிட்டே. போ, உன் அப்பன் வீட்டுக்கே போ. அவன் பொண்ணு இங்கே இருப்பா. அவன் வந்து எங்கேன்னு கேட்டா நான் காட்ட வேண்டாமா?"

ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கார்த்திகை மாசம் கழியட்டும், விரத நாளில் வழக்கு வேண்டாம் என்றார்கள். சஞ்சுக்தாவின் அப்பா பைதரும் அதற்குத் தலையாட்டிவிட்டு மகளை மட்டும் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

கார்த்திகை கழியவில்லை. அதற்குள் புயல் வந்துவிட்டது.

கையிலிருந்த போன் திடீரென்று அலறியது. முகாணிபூர் பாலவாடி டீச்சர் மந்தாகினி.

"சஞ்சு! உன் மாமியா குழந்தையைத் தூக்கிட்டு உங்க பக்கம் வந்துட்டாளா?"

"இங்கேயா? இல்லையேக்கா! காப்பகத்துல இல்லையா?"

"இல்லடி. மேல கீழ எல்லா இடமும் தேடிட்டேன். மீட்புக்காரங்க வீடு வீடாப் போய்ப் பாத்துட்டு வந்தாங்க. உங்க வீட்டுல பூட்டு தொங்குதாம். சரி, யாராவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பான்னு..."

"அத்தை எந்தச் சொந்தக்காரங்க வீட்டுலக்கா தங்குவாங்க?"

போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒன்றுமில்லாமல் போயிற்று.

உல்லாசி எங்கேயும் போயிருக்க மாட்டாள். மகன் போனதிலிருந்து ஒரு ராத்திரிகூட அந்த வீட்டை விட்டு வெளியே தங்காதவள். சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போய், சாப்பிடாமல் அன்று மாலையே திரும்பி வந்தவள்.

சஞ்சுக்தா கொடிக்காலுக்கு ஓடினாள்.

பைதர் வெற்றிலைக் கொடிக்காலின் நாணல் கூரைமேல் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். பாதிப் பக்கம்தான் முடிந்திருந்தது. மீதிக் கூரை காற்றில் மூச்சு விடுவதுபோல ஏறி ஏறி இறங்கியது. பத்து வருஷ உழைப்பு அதற்குள் பச்சையாக நின்றது.

"அப்பா, ஜுனி காப்பகத்துல இல்ல!"

"என்னது?"

"அத்தையும் இல்ல. வீடு பூட்டியிருக்காம். எனக்குத் தெரியும்பா, அவங்க உள்ளேதான் இருக்காங்க. படகை இறக்குங்க."

பைதர் கயிற்றை விடவில்லை. "பைத்தியமா உனக்கு? துறையை மூடிட்டாங்க. போலீஸ் நிக்குது. ஆத்தைப் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"மீட்புக்காரங்க திரும்பவும் போய்ப் பாப்பாங்க. கொஞ்சம் பொறு."

"பூட்டின வீட்டை யாருப்பா ரெண்டாவது தடவை தட்டுவாங்க?"

அவர் கயிற்றை மறுபடி இழுத்து இறுக்கினார்.

"அன்னிக்கும் பொறுன்னு சொன்னீங்க. கார்த்திகை கழியட்டும்னு சொன்னீங்க. கழியட்டும்பா. புயலும் கழியட்டும், தண்ணியும் வடியட்டும். அப்புறமா ரெண்டு பேரும் அக்கரைக்குப் போய் எதைத் தூக்கிட்டு வருவோம்?"

பைதரின் கை கயிற்றிலேயே நின்றது. தன் கொடிக்காலை ஒரு முறை பார்த்தார். பிறகு கயிற்றுச் சுருளைச் சேற்றில் போட்டார்.

"உங்கம்மாகிட்ட..."

"சொன்னா விட மாட்டாங்க."

"அப்ப சொல்லாதே. உன்னை அங்கே இறக்கி விட்டுட்டு நான் உடனே திரும்பணும். முட்டி வீங்கி உட்கார்ந்திருக்கா. காப்பகத்துக்கு அவளைத் தூக்கிட்டுப் போக வேற யாரு இருக்கா? அவ எடைக்கு நாலு பேர் வேணும்." அந்த நேரத்திலும் அவருக்கு அப்படித்தான் பேச வந்தது.

துறையில் படகுகள் எல்லாம் கரையேற்றிக் கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தன. சந்தைக்கு வெற்றிலைக் கூடை ஏற்றிப் போகும் பைதரின் படகும் அவற்றில் ஒன்று. அப்பாவும் மகளும் முடிச்சை அவிழ்த்துப் படகைப் புரட்டியபோது, டீக்கடைக் கூரைக்கு அடியில் ஒதுங்கியிருந்த போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"ஓய்! எங்கேய்யா இறக்குறே?"

"இறக்கலை சார்! வாய்க்காலுக்குள்ள கொண்டுபோய்க் கட்டப் போறேன். இங்கே விட்டா அடிச்சிட்டுப் போயிடும்!"

"பொம்பளை எதுக்கு?"

"பிடிக்க ஆள் வேணாமா சார்? நீங்க வர்றீங்களா?"

போலீஸ்காரர் மழையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். அவர் டீக்கடைக்குள் திரும்பிய நிமிஷத்தில் என்ஜின் உறுமியது. பின்னால் விசில் ஊதும் சத்தம் கேட்டது. காற்று அதையும் தின்றுவிட்டது.

ஆறு அன்றைக்கு ஆறாக இல்லை. கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் கடலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் அலை அலையாக, எதிர்த் திசையில். மழை மேலிருந்து விழவில்லை. பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறைந்தது. சஞ்சுக்தா அலுமினியச் சட்டியால் தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தாள். கொட்டியதைவிட அதிகமாக உள்ளே வந்தது.

"பயமா இருக்கா?" என்று பைதர் கத்தினார்.

"எனக்கில்ல. உங்க கைதான் நடுங்குது!"

"குளிருடி!"

நடு ஆற்றில் என்ஜின் இருமியது. இரண்டு முறை விக்கி, நின்றுபோனது. படகு பக்கவாட்டில் திரும்பி, ஓர் அலை முழுசாக உள்ளே விழுந்தது. பைதர் எழுந்து நின்று என்ஜின் கயிற்றை இழுத்தார். இழுத்தார். மறுபடி இழுத்தார். சஞ்சுக்தா சட்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஹே மகாப்ரபு! ஹே ஜகன்னாதா! கண்ணைத் திறந்துதானே வெச்சிருக்கே, பாரு!"

பைதர் கத்தியது வேண்டுதல் மாதிரி இல்லை, திட்டு மாதிரி இருந்தது. என்ஜின் பிடித்துக்கொண்டது.

அக்கரைச் சேற்றில் படகு முட்டியதும் சஞ்சுக்தா குதித்துவிட்டாள். இடுப்பளவு தண்ணீர்.

"குழந்தை கிடைச்சதும் நேரா காப்பகம் போ. துறைக்குத் தூக்கிட்டு வராதே. இந்த ஆத்துல நான் அவளை ஏத்த மாட்டேன்."

"நீங்களும் வாங்கப்பா. இனிமே திரும்பாதீங்க."

"உங்கம்மா?"

பைதர் கரையில் கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார். "போடி! நிக்காதே!"

அவள் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

முகாணிபூர் காலியாகிவிட்டிருந்தது. கோயில் கொடி கம்பத்தோடு சாய்ந்து கிடந்தது. யாரோ அவிழ்த்துவிட்ட மாடு ஒன்று நடுத்தெருவில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. உல்லாசியின் வீடு ஊரின் கடைசியில். அதற்கப்பால் சவுக்குத் தோப்பு. தோப்புக்கப்பால் கடல்தான். என்றைக்கும் கேட்கிற இரைச்சல் இல்லை அன்றைக்கு. லாரிகள் வரிசையாக வருவது போன்ற உறுமல்.

வாசலில் பித்தளைப் பூட்டு தொங்கியது.

"ஜுனீ!"

கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "அத்தை! நான் சஞ்சு! ஜுனீ!"

ஒன்றுமில்லை. மந்தாகினி அக்கா சொன்னதுதான் சரியோ? எங்கேயோ போய்விட்டார்களோ? போகிற வழியில் எங்காவது... அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஆற்றைத் தாண்டி வந்து, அப்பாவை அதில் திருப்பி அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு பூட்டு.

"ஜுனீ..." என்றாள். இந்த முறை குரல் எழும்பவே இல்லை.

உள்ளே யாரோ இருமினார்கள். சின்ன இருமல். அதைத் தொடர்ந்து, "அம்..." என்று ஒரு சத்தம் எழுந்து, கைவைத்து மூடியதுபோல நின்றுபோனது.

சஞ்சுக்தா வேலியைப் பிய்த்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. முன்னால் பூட்டிவிட்டு, சுற்றி வந்து, பின்னால் நுழைந்து தாழ் போட்டிருக்கிறாள் உல்லாசி.

"கதவைத் திறங்க அத்தை."

கதவில் காதை வைத்தாள்.

"அத்தை, குழந்தை குரல் கேட்டுச்சு எனக்கு."

"போயிடு," என்றது உள்ளிருந்து உல்லாசியின் குரல். "இங்கே யாருமில்ல."

"யாருமில்லைன்னு சொல்றது யாரு?"

"எனக்குத் தெரியும்டி உன் எண்ணம். காப்பகத்துக்கு வந்தா பத்துப் பேருக்கு முன்னால குழந்தையைப் பிடுங்கிக்கலாம்னு பாத்தே. அதான் வரலை. சாதாரண நாள்லேயே ஊர் பூரா உன் பக்கம். நான் வரமாட்டேன். இந்த வீடு எத்தனை புயலைப் பாத்திருக்கு."

"கடல் தோப்புக்குள்ள வந்துட்டுது அத்தை!"

"வரட்டும்."

அப்போதுதான் அந்தக் காற்று வந்தது. சவுக்கு மரங்கள் ஒரே நேரத்தில் குனிந்தன. வீட்டின் கடல் பக்கத்துக் கூரை, பாயைச் சுருட்டுவதுபோல ஓர் ஓரத்திலிருந்து கிளம்பி, முழுசாகப் பிய்ந்துகொண்டு போயிற்று. உள்ளே ஜுனி வீறிட்டாள்.

தாழ் விலகியது.

உல்லாசி கதவில் நின்றாள். விரதத்தால் வற்றிய முகம். தலைமுடி ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. மருமகளைத் தடுக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சஞ்சுக்தா அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள்.

கட்டிலில், தார்ப்பாயைத் தலைவரை போர்த்திக்கொண்டு ஜுனி உட்கார்ந்திருந்தாள். குளிருக்காக ஒரு கவுன்மேல் இன்னொரு கவுன் போட்டுவிட்டிருந்தாள் உல்லாசி. கிண்ணத்தில் பொரி நனைந்து களியாகியிருந்தது.

"அம்மா, நான் சத்தமே போடலை," என்றாள் குழந்தை, தேம்பிக்கொண்டே. "இருமல்தான் போட்டுச்சு."

சஞ்சுக்தா அவளைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டாள். இத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. அழ நேரமில்லை.

"கிளம்புங்க அத்தை."

"கூட்டிட்டுப் போ," என்றாள் உல்லாசி. "இனிமே தடுக்க மாட்டேன். கூரை போன வீட்டுல அவளை வெச்சிருக்க நான் ராட்சசி இல்ல."

"நீங்க?"

உல்லாசி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். சுவர் ஆணியில் நிரஞ்சனின் நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மழை அதன்மேல் நேராகப் பெய்தது. அவள் எழுந்து அதை எடுத்து உதறி, மழை படாத மூலையில் மாட்டிவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

"அவன் வந்து பாக்கும்போது வீட்டுல யாரும் இல்லைன்னா, எல்லாரும் செத்துட்டாங்கன்னு நினைச்சுத் திரும்பிப் போயிடுவான். போனா எங்கே தேடறது?"

வாசல் பக்கத்துக் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. மெல்லிய நாக்குபோல. ஒரு நாழிகைக்கு முன் அங்கே தண்ணீர் இல்லை.

குழந்தை தோளில் இருந்தது. வந்த வேலை முடிந்தது. இந்தப் பெண்மணி அவளை வாசலில் நிறுத்தியவள். அவள் குழந்தையின் வாயைப் பொத்தியவள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சஞ்சுக்தா கதவுவரை போய்விட்டாள்.

நின்றாள்.

"அத்தை, அவர் வருவார்னு நீங்க நம்பறீங்களா?"

"நீ நம்பலைன்னு தெரியும்."

"நான் நம்பலை. பொய் சொல்ல மாட்டேன். நீங்க நம்பறீங்கல்ல? நாளைக்கே வந்து நிக்கறார்னு வெச்சுக்கங்க. முதல்ல என்ன கேப்பார்? வீடு எங்கேன்னா கேப்பார்? அம்மா எங்கேன்னு கேப்பார். நான் என்ன சொல்லட்டும்? தண்ணிக்குள்ள உட்கார வெச்சுட்டு வந்துட்டேன்னு சொல்லட்டுமா?"

உல்லாசி மூலையில் மாட்டிய சட்டையைப் பார்த்தாள்.

"அவர் வரணும்னா நீங்க இருக்கணும். எழுந்திருங்க. உங்களுக்காக இல்ல. உங்க பிள்ளைக்காக எழுந்திருங்க."

"ஆயி, வா," என்று ஜுனி பாட்டியிடம் கையை நீட்டினாள். "இருட்டா இருக்கு, வா."

உல்லாசி எழுந்தாள். எழுந்தவள் நேரே அடுப்புக்குப் போய், நனைந்த சாம்பலைக் கிளறி ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள்.

"எனக்கு எழுத வராது. நீ எழுது. காப்பகத்துல இருக்கோம்னு எழுது."

"அத்தை, நேரமில்ல..."

"எழுதிட்டுத்தான் வருவேன்."

சஞ்சுக்தா குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கூரை மிச்சமிருந்த பக்கத்துச் சுவரில், கைக்கு எட்டிய உயரத்தில் எழுதினாள். நாங்கள் காப்பகத்தில் இருக்கிறோம். அம்மா. உல்லாசி அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவள் போலப் பார்த்தாள்.

"மழையில அழியுமா?"

"அழியாது," என்றாள் சஞ்சுக்தா. பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

வெளியே வந்தால் எது தெரு, எது குளம் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர். உல்லாசி குழந்தையை வாங்கித் தன் தோளில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நான் முன்னால போறேன். என் முந்தானையைப் பிடிச்சுக்க. இடது பக்கம் கால் வைக்காதே, வாய்க்கால்."

"நீங்க விரதம் அத்தை, குழந்தையை என்கிட்ட..."

"உன்னைவிட நான் உயரம்டி. பேசாம வா."

தகரம் ஒன்று கத்திபோலச் சுழன்று அவர்கள் தலைக்குமேல் போய், எங்கேயோ சுவரில் மோதியது. இருவரும் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்து எழுந்தார்கள். முழங்காலில் இருந்த தண்ணீர் தொடைக்கு வந்தது. முன்னால் போகும் உல்லாசியின் முதுகு தவிர சஞ்சுக்தாவுக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

"அம்மா," என்றாள் ஜுனி மேலேயிருந்து, வாயைத் துடைத்துக்கொண்டு. "மழைத் தண்ணி உப்பா இருக்கு."

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நடையை மட்டும் கூட்டினார்கள்.

காப்பகத்தின் தூண்களுக்கு நடுவே தண்ணீர் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தது. படிக்கட்டிலிருந்து கைகள் நீண்டன. முதலில் குழந்தை போனது, பிறகு உல்லாசி, பிறகு சஞ்சுக்தா. மாடியில் ஊரே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. ஈரத் துணி, பீடிப்புகை, பெரிய அண்டாவில் கிச்சடி கொதிக்கும் வாசனை. மந்தாகினி ஓடி வந்து உல்லாசியைத் திட்டத் தொடங்கியவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு ஜுனிக்குத் துண்டு கொண்டுவரப் போனாள்.

"அக்கா, யார் போனாவது வேலை செய்யுதா? அக்கரைக்குப் பேசணும். அப்பா போய்ச் சேர்ந்துட்டாரான்னு..."

"டவரே போச்சு சஞ்சு. உன் அப்பாவா? உன்னை அவரா கொண்டுவந்தார்? இந்த ஆத்துலயா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கேளுசரண் என்ற மீனவர் திரும்பினார். சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"வெற்றிலைக்கூடைப் படகா? முன்னால பச்சை பெயிண்டு?"

"ஆமா மாமா! பாத்தீங்களா?"

"கொஞ்சம் முன்னால பாத்தேன். நடு ஆத்துல நின்னு சுத்திக்கிட்டிருந்துச்சு. என்ஜின் சத்தம் இல்ல. ஆள் எழுந்து நின்னு கயிறு இழுத்துக்கிட்டிருந்தார். அப்புறம் மழை மறைச்சிடுச்சு."

"மறைச்சிடுச்சுன்னா?"

"அதுக்கப்புறம் நான் பாக்கலைம்மா."

சஞ்சுக்தா ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே வெள்ளையாக ஒரு சுவர். ஆறும் இல்லை, கரையும் இல்லை. அந்தப் பக்கம் தளபடாவில் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, இதோ வந்துவிடுவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது வந்து தூக்கிப் போயிருப்பார்களா? அவர் வராமல் நான் வரமாட்டேன் என்று சொல்லியிருப்பாள்.

அவள் படிக்கட்டுக்கு ஓடினாள். இரும்புக் கதவருகே ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. உல்லாசி.

"விடுங்க அத்தை!"

"எங்கே போவே? நீந்தியா?"

"எங்கப்பா அங்கே... நான்தான் இறக்கச் சொன்னேன். கயிறு கட்டிக்கிட்டிருந்தவரை நான்தான்..."

"தெரியும்."

"விடுங்க!"

உல்லாசி விடவில்லை. பிடியை இன்னும் இறுக்கினாள். "நீ இறங்கினா நாளைக்கு உன் பொண்ணும் என்னை மாதிரி வாசல்ல உட்கார்ந்திருப்பா. அது வேண்டாம். உட்காரு."

சஞ்சுக்தா அப்படியே படியில் சரிந்தாள். உல்லாசி பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவர் சேலையிலிருந்தும் உப்புத் தண்ணீர் ஒழுகி ஒன்றாக ஓடியது.

"வருவார்," என்றாள் உல்லாசி.

ஒரு வருஷமாக அந்த வார்த்தையைச் சஞ்சுக்தா தினமும் கேட்டிருக்கிறாள். அடுப்படியில், கிணற்றடியில், சோறு போடும்போது. கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சலும் கோபமும் வந்திருக்கின்றன. இப்போது அந்த வார்த்தையை விடாமல் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றாள் உல்லாசி. "தெரியாமதான் சொல்றேன்."

காற்றின் குரல் மாறியது. இதுவரை இரைந்தது, இப்போது கூவியது. மீட்புக்காரர்கள் இருவர் இறங்கி வந்தார்கள். இரும்புக் கதவைச் சாத்தி உள்ளே குறுக்குக் கம்பி போட வேண்டும்.

"எல்லாரும் உள்ளே வந்தாச்சா? நகருங்கம்மா, கதவு போடணும்."

உல்லாசி நகரவில்லை.

"சாத்தாதே. ஒரு ஆள் வெளியே இருக்கார்."

படிக்கு மேலே துண்டோடு வந்து நின்ற மந்தாகினி பெருமூச்சு விட்டாள். "உல்லாசி, உன் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். இன்னிக்காவது நிரஞ்சனைப் பத்தி..."

"என் மகனைச் சொல்லலை," என்றாள் உல்லாசி. "இவ அப்பாவைச் சொல்றேன்."

அவள் தன் காலை நீட்டி நிலைப்படியின் குறுக்கே வைத்தாள். கதவு அதில் இடித்து நின்றது.